பூட்டை உடைக்காத திருட்டு

இந்த எபிசோடை ஊர்ல இருந்து பதிவு பண்றேன். ஊர் குரும்பகரம், காரைக்கால் மாவட்டம், நெடுங்காடு பக்கம். ஆடியோவுல நடுநடுவே குயில் கத்தும். எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல.

காரைக்கால் தெரியாதவங்களுக்காக: ஒரு பக்கம் கடல், மத்த எல்லாப் பக்கமும் தமிழ்நாடு, நடுவுல புதுச்சேரி ஆட்சி. பெட்ரோல் விலை குறைவுன்னு எல்லை தாண்டி வர்றவங்கதான் எங்க பக்கத்தை நல்லா தெரிஞ்சவங்க. 1954 வரைக்கும் இங்க பிரெஞ்சு நிர்வாகம். காவிரி டெல்டாவுல இந்தத் துண்டு மட்டும் எப்படி அவங்க கைக்குப் போச்சு? இன்னைக்கு டாபிக் அங்கதான் தொடங்குது.

டாபிக், பொருளாதார உளவு. வேற நாட்டு அரசாங்கம் நம்ம தொழில் ரகசியத்தை எடுக்கறது, நம்ம அரசியல்ல கை வைக்கறது. இப்படிச் சொன்னாலே மனசுல ஹூடி போட்ட ஹேக்கர் வந்துடுவான். நான் போறது 1738க்கு. அந்த ரெண்டு வேலையும் ஏறக்குறைய ஒரே காலத்துல, ஒரே நாட்டு ஆளுங்களால, இந்தக் கரையிலயே நடந்திருக்கு.

முதல்ல அரசியல். அப்போ தஞ்சாவூரை ஆண்டது மராட்டிய போன்ஸ்லே குடும்பம். அரியணைக்கு ஓயாத சண்டை. 1738ல ஷாஜி பதவி இழந்து, பாண்டிச்சேரி கவர்னர் துய்மாகிட்ட உதவி கேட்டு ஆள் அனுப்பறார். பணமும் ஆயுத உதவியும் கொடுங்க, பதிலுக்குக் காரைக்காலைத் தர்றேன்னு பேச்சு. ஆனா பிரெஞ்சு உதவி வர்றதுக்கு முன்னாடியே ஷாஜிக்குப் பதவி திரும்பக் கிடைச்சிடுச்சு. கிடைச்சதும் காரைக்காலைக் கொடுக்க இழுத்தடிக்கிறார். பக்கத்துல நாகப்பட்டினத்துல உட்கார்ந்திருந்த டச்சுக்காரங்களுக்கும் பிரெஞ்சுக்காரங்க இங்க வர்றது பிடிக்கல, அவங்க நெருக்கடி வேற. கடைசியில, தஞ்சாவூரோட மோதிக்கிட்டிருந்த சந்தா சாகிப் உள்ள வர்றார். அவர் படை ஊரைப் பிடிச்சு பிரெஞ்சுக்காரங்ககிட்ட கொடுக்குது. தேதி 1739 பிப்ரவரி 14. காதலர் தினம்னு சிரிக்காதீங்க, யாருக்கும் யார் மேலயும் காதல் இல்லாத டீல் இது.

அப்புறம் ஷாஜி போய் பிரதாப சிங் வர்றார். அவர் காலத்துல இன்னும் ஊர்கள் கைமாறுது. 1749ல இங்கிலீஷ்காரங்க அதே டெம்ப்ளேட்டைக் காப்பி பண்றாங்க. அரியணைக்கு உரிமை கேட்ட ஒரு ஷாஜிக்காகப் படை எடுத்துப் போறாங்க, அவர் தர்றதா சொன்ன கொள்ளிடம் முகத்துத் தேவிக்கோட்டையைப் பிடிக்கிறாங்க. கோட்டை கைக்கு வந்ததும் பிரதாப சிங்கோடவே சமாதானம் பேசி, அதைத் தங்களுக்கே வாங்கிக்கிறாங்க. கூட்டிட்டு வந்த ஷாஜிக்கு ஒரு பென்ஷன், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணத்துல பதவிக்கு வரலாம்னு நினைக்கறவங்க இந்தப் பென்ஷன் கதையை ஒரு தடவை படிக்கணும்.

சரி, இவ்வளவு செலவு பண்ணி இந்தக் கரையில அவங்களுக்கு என்ன வேணும்? துணி. முக்கியமா கையால வரைஞ்சு சாயம் ஏத்தின பருத்தித் துணி. இப்போ கலம்காரின்னு சொல்றோமே, அந்த வகை. ஐரோப்பாவுல அதுக்கு வெறித்தனமான மவுசு. துவைச்சா சாயம் போகாது. அவங்க ஊர்ல பருத்தியில அந்த மாதிரி நிறம் ஏத்தத் தெரியல. பணமெல்லாம் வெளிய போகுது, எங்க பட்டு, கம்பளித் தொழில் சாகுதுன்னு கத்தி, 1686லயே பிரான்ஸ் அந்தத் துணிக்குத் தடை போட்டுச்சு. தடை 1759 வரைக்கும் இருந்துச்சு.

இங்கதான் எனக்குப் பிடிச்ச முரண்பாடு. ஒரு கையால தடை போட்ட அதே அரசாங்கத்துல, சாயத் தொழிலை மேற்பார்வை பண்ணவர் துய் ஃபேன்னு ஒரு வேதியியலாளர். அவர் கேட்டுக்கிட்டதால, 1730கள்ல போல்யேன்னு ஒரு கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில சாயக்காரங்களை வச்சு துணி போட வைக்கிறார். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துண்டு வெட்டி, குறிப்போட ஒட்டி அனுப்பறார். இன்னைக்கும் அது பாரிஸ்ல இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு கமிட்டும் டெஸ்ட் அவுட்புட்டோட.

அடுத்து கேர்தூ. ஏசு சபைப் பாதிரியார், மொழி அறிஞர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்குன்னு வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாடியே எழுதினவர். 1742 ஜனவரி 18 தேதியிட்ட ஒரு கடிதத்துல சாயம் ஏத்தற முறை முழுசையும் எழுதி அனுப்பறார். யார்கிட்ட கேட்டார்? அவர் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரங்ககிட்ட. எப்படிக் கேட்டார்? தனித்தனியா, வேற வேற நேரத்துல, பதில்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு. இதையெல்லாம் அவரே ஒளிக்காம எழுதியிருக்கார். ஐரோப்பாவுல இந்தக் கலை வளர இது உதவும்ங்கறது அவர் எண்ணம். தன்னை ஒரு உளவாளின்னு அவர் நினைச்சிருக்கவே மாட்டார்.

கடிதத்துல என்ன இருக்கு? துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊற வைக்கணும். காய வச்சு, கட்டையால அடிச்சு வழவழப்பாக்கணும். சிவப்பு வேண்டிய இடத்துல படிகாரத் தண்ணியால வரையணும். கறுப்புக்கு இரும்பைப் புளிக்க வச்ச தண்ணி. நீலம் படக்கூடாத இடத்துல மெழுகு. அப்புறம் சாயவேர் போட்டுக் கொதிக்க வைக்கணும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடிச்சு வச்சுக்கும், மத்த இடத்துல சாயம் கழுவினா போயிடும். ரகசியம் நிறத்துல இல்ல, நிறத்தைப் பிடிச்சு வைக்கற உப்புல. சாயவேர் வேற எதுவும் இல்ல, நாட்டு மருந்துக் கடையில இம்பூறல்னு கேட்டா கிடைக்கறதுதான். ஐரோப்பாவுல அது இல்ல. அவங்க மஞ்சிட்டி வகை வேரை வச்சு சமாளிச்சாங்க.

இந்த ஒரு கடிதத்தாலதான் நம்ம நெசவு அழிஞ்சதுன்னு வாட்ஸ்அப்ல வந்தா நம்பாதீங்க. மார்செய் நகரத்துல ஆர்மீனியக் கைவினைஞர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னாடியே துணி அச்சடிச்சிட்டு இருந்தாங்க. ஆனா தடை நீங்கின மறு வருஷம், 1760ல, ஓபர்காம்ப் பாரிஸ் பக்கத்துல ஜூயில தொழிற்சாலை தொடங்கறப்போ, அறிவு ஏற்கெனவே அங்க காத்திருந்துச்சு. அடுத்த நூற்றாண்டுல அச்சடிச்ச மில் துணி கப்பல்ல நம்ம ஊருக்கே விற்க வந்துச்சு.

என்னை உறுத்தறது வேற. இதுல ஒரு பூட்டும் உடையல. யாரும் எதையும் திருடல. ஒரு மரியாதையான மனுஷர் அன்பா கேட்டார், தெரிஞ்சவங்க சொன்னாங்க.

இப்போ 2018க்கு வாங்க. டிக்சன் யோன்னு ஒரு சிங்கப்பூர்க்காரர், சீன உளவுத்துறைக்காக வேலை பார்த்தவர். லிங்க்ட்இன்ல ஆள் பிடிக்கிறார். போலியா ஒரு கன்சல்டன்சி பேர்ல வேலை விளம்பரம் கொடுக்கறார். 400க்கு மேல ரெஸ்யூம் வருது. பெரும்பாலும் ரகசியத் தகவல் பார்க்க அனுமதி உள்ள அமெரிக்க ராணுவ, அரசு ஊழியர்கள். அதுல பணக்கஷ்டம் இருக்கறவங்க, வேலையில கசந்து போனவங்க யாருன்னு பார்க்கறார். ஆசியாவுல இருக்கற கிளையன்டுக்கு ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதித் தாங்க, காசு தர்றேன்ங்கறார். எழுதிக் கொடுத்திருக்காங்க. 2020ல அமெரிக்க நீதிமன்றத்துல குற்றத்தை ஒத்துக்கிட்டு 14 மாசம் ஜெயில்.

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு அந்த மெசேஜ் பழக்கமானதுதான். 'உங்க அனுபவத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணும், சன்மானம் உண்டு.' நூத்துக்குத் தொண்ணூறு நிஜமான மார்க்கெட் ரிசர்ச்தான். ஆனா கிளையன்ட் யாருன்னு கேளுங்க. பேர் சொல்ல மாட்டேன்னா, நான் அந்தக் காலை எடுக்கறதில்ல.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவுல வணிக ரகசியத்துக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தச் சட்டத்தை வச்சுத்தான் ஓட்டறோம். 2024 மார்ச்ல சட்ட ஆணையம் தன்னோட 289வது அறிக்கையில, வணிக ரகசியத்துக்கு ஒரு மசோதா வரைவைக் கொடுத்துச்சு. வெளிநாட்டு அரசு சம்பந்தப்பட்ட பொருளாதார உளவுக்கு வேற தனிச் சட்டம் வேணும்னும் சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா உலகம் முழுக்க வணிக ரகசியம்னா ஒரு இலக்கணம் இருக்கு: ஒருத்தர் கையில இருக்கணும், வெளிய தெரியாததா இருக்கணும், அதைக் காப்பாத்த அவர் முயற்சி எடுத்திருக்கணும். கேர்தூவுக்குப் பதில் சொன்ன சாயக்காரர் இதுல எங்க வருவார்? அவர் அறிவு அப்பாகிட்ட, சித்தப்பாகிட்ட, பக்கத்துத் தெருவுல எல்லாம் இருந்துச்சு. காகிதத்துல எங்கயும் இல்ல. கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சது. அது பேரைக் காப்பாத்தும். கடுக்காயையும் எருமைப்பாலையும் யார் எந்த நாட்டுல கலந்தாலும் அதைத் தடுக்காது.

கேர்தூவோட கடிதத்தைப் படிச்சுத் திருத்தம் சொன்ன ஒருத்தர் இருக்கார், பியேர் புவாவ்ர். பின்னாடி டச்சுக்காரங்க கண்ணுல மண்ணைத் தூவி ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை மொரீஷியஸுக்குக் கொண்டு போகவச்ச ஆள். அவர் கதை அடுத்த எபிசோட்ல.