நிறமில்லாத வாயுவுக்கு நிறம் தீட்டுவது

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. படம் போடத் தெரியும். அதுவும் அறிவியல் படம். சுவரொட்டிக்கு, பள்ளிக்கூடச் சார்ட்டுக்கு, இப்போ கொஞ்ச வருஷமா கணினியில் அசையும் படம். அதனால தொழில் பேச்சாகவே பேசிட்டுப் போறேன்.

கதை, கவிதைக்கு அரசியல் உண்டு, சரி. அறிவியல் படத்துக்கு என்னப்பா அரசியல் என்று நம்ம தோழர்களே கேட்கிறார்கள். ஆக்சிஜனுக்கு என்ன நிறம்? பாடப்படத்தைப் பார்த்த பிள்ளை சிவப்பு என்று சொல்லும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கு நிறமே கிடையாது. 1865-இல் லண்டனில் ஹோஃப்மன் என்கிற வேதியியல் அறிஞர் ஒரு சொற்பொழிவில் மூலக்கூறுகளை விளக்குவதற்காக, குரோக்கே விளையாட்டுப் பந்துகளை எடுத்து வர்ணம் பூசி, ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு. துரைமார் வீட்டுப் புல்தரையில் உருண்ட பந்துதான் இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் நோட்டில் உருளுது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டணும்னா யாராவது ஒருத்தர் முடிவெடுத்துத்தான் ஆகணும். அந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் இப்போது வரைந்துகொண்டிருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. பாதாளச் சாக்கடையில் நம்ம ஆட்களைக் கொல்லும் வாயு. காற்று போகாத சேற்றில் நுண்ணுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. காற்றைவிடக் கனம், அதனால் குழியின் அடியில் தங்கும். சேற்றுக்குள்ளேயும் அடைபட்டுக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பை விட்டுக் கலக்கின உடனே குபீரென்று கிளம்பும்.

இதை எப்படி வரைவது? நிறமில்லை, புகையில்லை. அழுகின முட்டை நாற்றம் ஒன்றுதான் அடையாளம். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லை, வாயு போயிடுச்சு என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குகிறான் மனுஷன். ஐந்நூறு, எழுநூறு என்று ஏறினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே சாய்ந்துவிடலாம். தூக்கப் போனவனும் அங்கேயே விழுகிறான். ரெண்டு பேர், மூணு பேர் என்று சேர்ந்தே சாகிறார்களே, அது இதனால்தான்.

வாயுவுக்கு நான் மஞ்சள் கொடுத்திருக்கிறேன். கந்தகத்துக்கு வழக்கமாகத் தரும் நிறம் அது. ஆனால் மூக்கு மரக்கிற இடத்தில் மஞ்சளை எடுத்துவிடுகிறேன். திரை தெளிவாகிறது, காற்று சுத்தமானது போலத் தெரிகிறது. பார்க்கிறவர் அப்பாடா என்று மூச்சு விடும்போது கீழே இருப்பவர் கை தளர்கிறது. இதை எழுத்தில் ஒரு பத்தி எழுதலாம். ஒரு விநாடிக்கு 24 சட்டமாக ஓடும் படத்தில் மூன்று விநாடி போதும்.

அடுத்தது செல்லுக்குள் போகணும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல் அதைப் பயன்படுத்த முடியாது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கையாளும் நொதியை இந்த வாயு அடைத்துவிடுகிறது. சோறு இருக்கு, வாயைக் கட்டிப் போட்டாச்சு, அப்படி. இந்த இடத்தில் வாயுவுக்குக் கண்ணும் பல்லும் வைத்து அரக்கனாகப் போடச் சொல்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன். மூலக்கூறுக்கு நோக்கம் கிடையாது. 2006-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ‘செல்லின் உள் வாழ்வு’ என்று ஓர் அசைபடம் வந்தது. அதில் கைனசின் என்ற புரதம் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு அணிவகுப்பு மாதிரி நடக்கும். அழகான படம், மறுக்கவில்லை. உண்மையில் அந்தப் புரதம் ஒரு அடிக்கு 8 நானோமீட்டர், சுற்றியிருக்கும் நெரிசலில் முட்டி மோதித் தடுமாறித்தான் போகிறது. செல் ஒன்றும் ராணுவ மைதானம் இல்லை, சந்தைக்கடை. வாயுவும் அப்படித்தான் மோதிக்கொண்டு திரியுது. அதை அரக்கனாக்கினால் கொன்றது அரக்கன் என்று ஆகிவிடும். ஆளை இறக்கியவர் படத்துக்கு வெளியே நின்றுகொள்வார்.

பொறியியல் வரைபடத்தைப் பாருங்கள். சாலையை வெட்டிக் காட்டுவார்கள். குழாய், சரிவு, அம்புக்குறி, மேன்ஹோல், எல்லாம் அளவோடு இருக்கும். மேன்ஹோல் சுவரில் கால் வைக்க இரும்புப் படிகளும் வரைந்திருப்பார்கள். படி இருக்கு, கால் இல்லை. ஆள் இறங்குவான் என்று தெரிந்து போட்ட படத்தில் ஆளைக் காணோம். மனித உடல் சார்ட்டில் வேறு கதை. அங்கே ஆள் உண்டு, தோல் ரோஜா நிறம். நம்ம தேசத்து நுரையீரலுக்கு எப்போதும் வெள்ளைக்காரத் தோல்தான் போர்வை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பெயர்பெற்ற நான்கு மருத்துவப் பாடநூல்களில் 4,000-க்கு மேற்பட்ட படங்களை எண்ணியது. கருந்தோல் 4.5 சதவீதம். 2021 டிசம்பரில் நைஜீரியாவின் சிடியெபேரே இபே கறுப்புத் தாயின் வயிற்றில் கறுப்புச் சிசுவை வரைந்த படம் பரவியபோது, இப்படி ஒரு படத்தை இதுவரை பார்த்ததே இல்லையே என்று எத்தனையோ பேர் திகைத்தார்கள். இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலம் பாயும் என்று வெள்ளைத் தோலைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கருந்தோலில் அது லேசில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, நகம் பார்க்கணும். குழியிலிருந்து தூக்கிப் போட்டவரை யார் எப்படிப் பார்க்கப் போகிறார்கள்?

ஓர் அலுவலகத்தில் இதே விஷயத்துக்குச் சுவரொட்டி கேட்டார்கள். தொழிலாளி முகக்கவசம் போட்டுச் சிரிக்கணும், நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க, கீழே ‘பாதுகாப்பு உங்கள் கையில்’. துணிக் கவசம் இந்த வாயுவைத் தடுக்காது என்றேன். அதெல்லாம் விழிப்புணர்வுதானே சார் என்றார்கள். நான் போடவில்லை. 2013 சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறக்கியவருடைய குற்றம், இறங்கியவருடையது அல்ல. 2014-இல் உச்சநீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் என்றது, 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக்கியது. அப்புறம் ‘உங்கள் கையில்’ என்று யாரிடம் சொல்வது? என் படம் தொழிலாளிக்குப் பாடம் நடத்தாது. ஒப்பந்தக்காரர், பொறியாளர், ‘அடைச்சிருக்கு, ஆள் அனுப்புங்க’ என்று போன் பண்ணும் வீட்டுக்காரர், இவர்கள் பார்க்க வேண்டிய படம். முதல் காட்சியே அந்த போன்தான்.

செலவு பற்றிக் கேட்டார்கள். பிளெண்டர் என்கிற மென்பொருள் 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக, காசில்லாமல் கிடைக்கிறது. பழைய கணினி போதும், பொறுமைதான் நிறைய வேணும். நம்ம பிள்ளைகள் கத்துக்க வரலாம், சொல்லித் தர்றேன்.

ஆறு நிமிஷப் படம், பாதிதான் முடிஞ்சிருக்கு. குழியில் இறங்கி வேலை பார்த்த தோழர்கள் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. கலக்கும்போது சேறு என்ன சத்தம் போடும், உள்ளேயிருந்து பார்த்தால் மேலே வாய் எவ்வளவு பெரிசாத் தெரியும், கயிறு எந்தப் பக்கம் கட்டுவாங்க, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாளும் பென்சிலும் கொண்டு வந்திருக்கேன். டீ குடிச்சிட்டு அந்த மூலையில உட்காருவோம். நீங்க சொல்லுங்க, நான் வரையறேன். தப்பா இருந்தா அங்கேயே அழிச்சிடலாம்.