மீண்டும் ஒலித்த குரல்



இன்று உங்களோடு பாட்டைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன். நான் இசைப்புலவன் அல்லன். பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே, ராகம், தாளம் ஆகியவற்றின் இலக்கணத்திற்குள் உங்களை அழைத்துச் செல்லப்போவதில்லை. புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகர், ஏதோ ஒரு காரணத்தால் நெடுநாள் விலகியிருந்து, மறுபடியும் பாட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நாம் எவ்வாறு கேட்கிறோம்? அறிஞர் என்ன சொல்கின்றனர்? அன்பர் என்ன சொல்கின்றனர்? இதுவே என் பேச்சின் பொருள். இது பாடுவோரின் திறமையைப் பற்றியது மட்டுமன்று; கேட்போரின் கடமையைப் பற்றியதும் ஆகும்.

என் ஊர் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்காக அங்கே வந்திருப்பீர்கள். கல்மரங்களைப் பார்க்கவும் வந்திருப்பீர்கள். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. மண்ணுள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உள்ளே சிறிது சிறிதாகப் புகுந்து படிந்தது, மரம் கல்லாயிற்று. 1781 ஆம் ஆண்டில் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதினார். மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு கல்லைச் சுட்டிக் காட்டுவேன். பட்டையின் வரியும் கிளை முறிந்த கணுவும் அதில் அப்படியே இருக்கும். ஆனால் அம்மரம் இனித் துளிர்க்காது, வளராது, வாடவும் வாடாது.

கிராமபோன் இசைத்தட்டும் ஒரு கல்மரமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒருவர் தம் முப்பதாம் வயதில் பாடியதை அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. பாடியவரோ உயிருள்ள மரம். மழை, வெயில், நோய், துயரம் யாவும் அவர்மீது படுகின்றன. அவர் திரும்பி வந்து பாடும்போது, நாம் அவரைப் பிறரோடு ஒப்பிடுவதில்லை. அவருடைய பழைய இசைத்தட்டோடு ஒப்பிடுகிறோம். உயிர்மரத்தைக் கல்மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறிவிட்டதே என்று குறை சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தக்க சான்றுகள் இரண்டு உண்டு. முதலாவது, எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934 ஆம் ஆண்டில் 'பவளக்கொடி' படத்தின் மூலம் திரைக்கு வந்தவர் அவர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்சச் சுருதியில் பாடிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்த குரல் அவருடையது. 1944 ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது இன்றும் வழங்கும் செய்தி.

அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். தண்டனையும் விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என விடுதலை செய்தது. அப்போது பாகவதருக்கு வயது 37 தான்.

அவர் திரும்பி வந்து நடித்த படம் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜமுக்தி'. புனாவில் உருவான அந்தப் படத்திற்கு உரையாடல் எழுதச் சென்ற புதுமைப்பித்தன், காசநோய் முற்றி, அதே ஆண்டில் மறைந்தார் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். எம்.எல். வசந்தகுமாரி திரையில் முதன்முதலாகப் பாடிய படமும் அதுவே. இத்தனை இருந்தும் படம் ஓடவில்லை. 1952 இல் வந்த 'அமரகவி', 'சியாமளா' ஆகியவையும், 1957 இல் வந்த 'புதுவாழ்வு'ம் அவருடைய பழைய இடத்தை மீட்டுத் தரவில்லை.

குரல் கெட்டுவிட்டதா? அன்று. காலம் மாறிவிட்டது. 1949 இல் 'வேலைக்காரி', 1952 இல் 'பராசக்தி' என்று, மக்கள் வசனம் கேட்கக் கொட்டகைக்கு வரத் தொடங்கியிருந்தனர். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற பின்னணி முறையும் வேரூன்றிவிட்டது. 1950 இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாட வந்த டி.எம். சௌந்தரராஜன், தொடக்கத்தில் பாகவதரின் பாணியிலேயே பாடினார். பாகவதரின் பாட்டை மக்கள் வெறுக்கவில்லை. பாட்டையே உயிராகக் கொண்ட படத்தைத்தான் விட்டு விலகினர். அவருடன் சிறையிலிருந்து வந்த என்.எஸ். கிருஷ்ணன் 1949 இல் 'நல்லதம்பி' போன்ற புதிய காலத்துக் கதையில் நடித்து மறுபடியும் வெற்றி கண்டார். பாகவதரோ பழைய அரச உடையிலேயே திரும்பி வந்தார்.

ஆனால், இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். 'பாகவதரின் மறுவருகை தோல்வி' என்று எழுதுவோர் திரையரங்கின் சீட்டு விற்பனையை மட்டும் கணக்கிடுகின்றனர். 1959 நவம்பர் 1 ஆம் நாள் அவர் மறைந்தார்; கடைசி நாள்கள் வரையில் கச்சேரி மேடையில் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். என் தந்தையார் அவ்வாறான கச்சேரி ஒன்றைக் கேட்டவர். "படம் ஓடவில்லை என்று சொன்னார்களே அப்பா?" என்று நான் கேட்டபோது, அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "படம் ஓடாமல் போயிருக்கலாம். பந்தலை விட்டு நாங்கள் ஒருவரும் ஓடவில்லை." ஒரே பாடகரைப் பற்றிய இரண்டு தீர்ப்புகள் இவை. இரண்டும் உண்மையே.

இரண்டாவது சான்று, கொடுமுடி கோகிலம் என்று தமிழர் போற்றிய கே.பி. சுந்தராம்பாள். 1933 இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபின் வெண்ணிற ஆடையோடு வாழ்ந்தவர். ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டவர். 1935 இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்நாளில் பெரும் வியப்பு. 1940 இல் 'மணிமேகலை'. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் திரையில் அவர் இல்லை. இடையே 1951 இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார்.

1953 இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' வந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரித்தார்; கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். அதைப் பற்றி ஒருமித்த கருத்து இருந்ததாக நினைக்க வேண்டா. டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாக நடித்துப் புகழ் பெற்று, 'ஔவை' என்ற அடைமொழியையே பெயரோடு சேர்த்துக்கொண்டவர். அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் படத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லக் காரணம் இருந்தது. ஆயினும் பொதுமக்கள் திரண்டு வந்தனர். அவர்களை அழைத்தது அந்தக் குரல்.

சுந்தராம்பாள் அப்போது 45 வயதை நெருங்கியிருந்தார். இளமையைத் திரும்பக் காட்ட அவர் முயலவில்லை. கிழவியின் வேடத்தில் வந்து, கையில் கோலூன்றி, தம் வாழ்வின் துயரையும் பக்தியையும் குரலில் ஏற்றிப் பாடினார். கிட்டப்பாவோடு பாடிய நாளின் இசைத்தட்டுக் குரலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, அதைவிட ஆழமான ஒன்று கிடைத்தது. பின்னர், 1964 இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1965 இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவை. 'துணைவன்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

இது தமிழருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்தது 'சோல்' என்னும் இசை. அதில் 1960 களில் பெயர் பெற்ற சாலமன் பர்க், நெடுங்காலம் பெரும்பாலோரால் மறக்கப்பட்டிருந்து, 2002 ஆம் ஆண்டில் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். இளமைக் குரலைப் போலி செய்யாமல், தம் முதுமைக் குரலுக்கேற்ற பாடல்களையே பாடினார். அத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. கொடுமுடி அம்மையார் அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட வழியே அது.

இவற்றையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், கேட்பவன் என்ற முறையில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் புதிதாக ஆசிரியப் பணி ஏற்ற காலம். எங்கள் வட்டாரத்தில் திரௌபதியம்மன் விழாவில் இரவு முழுவதும் தெருக்கூத்து நடக்கும். பக்கத்து ஊரில் கர்ணன் வேடத்திற்கு என்றே பெயர் பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். நோயினால் பல ஆண்டுகள் ஆட்டத்தை விட்டிருந்தவர், ஊராரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு முறை 'கர்ண மோட்ச'த்தில் கர்ணனாக வந்தார். திரை விலகியதும் பழைய சுருதியைத் தொட முயன்றார், குரல் உடைந்தது. பின்னால் நின்ற இளைஞர் நாங்கள் நகைத்தோம். எழுத்தறிவிக்கும் வேலையில் இருந்த நானும் நகைத்தேன். சிறிது நேரத்தில் எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விட்டோம்.

மறுநாள், முன்வரிசையில் அமர்ந்து விடியும்வரை பார்த்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "வாத்தியாரே, நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். கர்ணன் சாகிற கட்டத்தில் அவர் பாடினாரே, அந்த உடைந்த குரல்தான் அதற்கு வேண்டும். ஊரே அழுதது." நான் கேட்காமல் போனது அதைத்தான். அந்தப் பெரியவர் அதன்பின் அரிதாரம் பூசவில்லை. உடல் தளர்ச்சி ஒரு காரணமாக இருக்கலாம். இருளில் எழுந்த எங்கள் நகைப்பும் ஒரு காரணமோ என்ற ஐயம் என்னை விட்டு இன்றுவரை நீங்கவில்லை. அவருடைய குரலைப் பிடித்து வைக்க ஓர் இசைத்தட்டும் இல்லை. அந்த இரவோடு அது போயிற்று.

ஆகவே, மாணவச் செல்வங்களே, திரும்பி வரும் ஒரு கலைஞரைக் கேட்கும்போது மூன்றை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று, அவருடைய பழைய குரலைத் தேடாதீர்கள். இன்றைய குரல் என்ன செய்கிறது என்று கேளுங்கள். இரண்டு, விமரிசகர் சொல்வதையும் அன்பர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் செவியை இருவரிடமும் அடகு வைக்காதீர்கள். குறை இருந்தால் மரியாதையோடு குறை என்றே சொல்லலாம்; அன்பு என்பது பொய் சொல்வதன்று. மூன்றாவதே தலையாயது: கடைசி வரை இருந்து கேளுங்கள். பாதியில் எழுந்து போனவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை.

திருவக்கரையின் கல்மரங்கள் காத்திருக்கும். நீங்கள் அடுத்த ஆண்டும் வந்து பார்க்கலாம். உயிருள்ள பாடகர் அவ்வாறு காத்திருக்க மாட்டார். அவர் பாடும்போதே கேட்டுவிடுங்கள்.