தானாக மூடும் வால்வு

ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். வாஷிங் மெஷின் ஹோஸ் கழன்று, மாடித் தொட்டியே காலி. எங்கள் வீட்டில் நடந்தது இது. பீரோவுக்கு அடியில் வைத்த பலகை இன்னும் உப்பிப்போய்த்தான் இருக்கிறது.

தரையில் ஈரம் பட்டதும் சென்சார் உணர்ந்து, குழாயைத் தானே அடைக்கும் வால்வுகள் இப்போது கிடைக்கின்றன. வாங்குமுன் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்கள் குழாய்க்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார். மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுகள் பலவற்றுக்கு இந்த அழுத்தம் போதாது; ஒழுங்காகத் திறக்காது, மூடாது. மோட்டார் வைத்த பால் (பந்து) வால்வுக்கு அந்தக் கவலை இல்லை. குழாயின் முழு அகலத்துக்கும் வழிவிடுவதாகக் கேட்டு வாங்குங்கள், ஷவரில் தண்ணீர் குறையாது.

கரண்ட் போனாலும் மூட பேட்டரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் உள்ளே உப்புப் படிந்து வால்வின் பந்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அப்போதே ஈரத்துணியைச் சென்சாரில் வைத்தும் பாருங்கள்.

கையால் மூடும் வால்வு ஒன்றையும் இந்தத் தானியங்கி வால்வுக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் அன்றைக்கு அது கட்டாயம் தேவைப்படும்.