கப்பலில் வந்த பூனையும் கடைத்தெருப் பூனையும்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கண்டெய்னர் ஒன்றிலிருந்து ஜீவனோடு வெளிப்பட்ட பூனையைக் கொரோனா பயத்தால் திருப்பி அனுப்ப முற்பட்டபோது, அதற்காகப் பரிந்து பேச எத்தனையோ பேர் முன்வந்தார்கள். அதே சென்னையின் எம்.கே.பி. நகர்ச் சந்துகளில் கண் திறவாத குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி மீன்கடையோரம் போட்டுப் போகிறவர்களை ஏனோ ஒருவரும் கேட்பதில்லை; 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி அது குற்றம். பூனையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய இரண்டே மாதமாகையால், விரட்டினாலும் மீண்டும் பெருகிவிடும்; அது வீண் பிரயாசை. கருத்தடை செய்து, காது நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பலன் தரும் மார்க்கம். அதற்கு, 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், அதிக தூரமில்லாமல் இருக்கிறது. பூனையை அங்கே கொண்டுபோகும்போது மூடியுள்ள கூடை அவசியம். மடியில் வைத்து ஆட்டோவில் போனால் பாதி வழியில் குதித்துவிடும்.