ஜிம்மியும் கலண்டரும்

(மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

மலையில இருந்து களைச்சு வந்திருக்கீங்க, அதனால சுருக்கமாகப் பேசுகிறோம்.

மேட்டு லயத்து தொங்கல் காம்பரா ஜிம்மியைத் தெரியாதவங்க இல்லை. படங்கு கட்டி, கூடையோட யாரும் வந்தால் போதும், சங்கிலி அறுகிற மாதிரி பாயும். பிள்ளை மடுவத்துக்குப் போன ஒரு பிள்ளை பயந்து ஓடி, கானுக்குள்ள விழுந்து கை முறிஞ்சது. நஞ்சு வைக்கணும் என்று லயத்தில் பேச்சு வந்தது. அந்தக் கோபத்தில் நாங்கள் பிழை காணவில்லை. பிள்ளை பிள்ளைதானே.

ஆனாலும் ஒரு தவணை கேட்டு, நாய்க்காரம்மாவோடு மிருக வைத்தியரிடம் போனோம். விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா என்றுதான் முதலில் கேட்டார். நோவு ஏதும் இருக்கா என்று உடம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, இது கொழுப்பில்லை, பயம் என்றார். பயந்த நாய்தான் முந்திக்கொண்டு பாயுமாம். ஃபுளூஒக்சிடீன் என்ற மாத்திரை, நாளுக்கு ஒன்று. மனிதருக்கும் உள்ள மருந்துதான், ஆனால் நாயின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. டிஸ்பென்சரியில் வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீங்க.

பலன் தெரிய 4 முதல் 6 கிழமை, சிலவேளை அதற்கும் மேலே போகும். நினைவில் வைத்துச் சொன்னால் சரிவராது, எழுதி வாங்க என்றார். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் உண்டா? அதே கணக்குத்தான்.

அந்த அம்மாவுக்கு எழுத்து வராது. ஆகவே சுவர்க் கலண்டரில் அடையாளம் வைத்தோம். மாத்திரை கொடுத்தால் ஒரு புள்ளி. பாய்ந்தால் ஒரு கோடு. சோறு மிச்சம் வைத்தால் ஒரு வட்டம். ஆள் எத்தனை காம்பரா தூரத்தில் வரும்போது குரைக்கத் தொடங்கியது என்ற இலக்கத்தை மட்டும் மகள் எழுதுவாள். எங்களுக்கு அந்த இலக்கம்தான் பெரிய உதவி.

முதல் 2 கிழமையும் வட்டமும் கோடும்தான். நாய் சோறு தின்னவில்லை, தூங்கி வழிந்தது. அந்த அம்மா மாத்திரையை வீசப் பார்த்தா. கலண்டரை வைத்தியரிடம் காட்டினோம்; பசி குறைவதும் சோர்வும் இந்த மருந்தில் வருவதுதான், திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். 6ஆம் கிழமையில் இலக்கம் 6இலிருந்து 3 ஆனது. தூரத்தில் ஆளைக் கண்டதும், குரைக்கும் முன்னே ஒரு துண்டு ரொட்டி கொடுத்துப் பழக்கினதும் சேர்ந்துதான். மாத்திரை தனியே எல்லாம் செய்யாது.

அப்புறம் எங்கள் அவசரம். நல்லாயிட்டுது என்று நினைத்து, திருவிழா நாளில் இஸ்தோப்பில் கட்டச் சொன்னோம். தப்புச் சத்தம் கேட்டதும் ஒரே நாளில் 9 கோடு! அது எங்கள் பிழை, நாயின் பிழை இல்லை. அடுத்த 2 கிழமையும் இலக்கம் 5க்கு மேலேதான்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்க. சாதுவான நாய் திடீரென்று குணம் மாறினால் கலண்டர் பார்க்கிற வேலை இல்லை, அது விசர்நாய் நோயாக இருக்கலாம். எந்த நாய் கடித்தாலும் சவுக்காரம் போட்டு, ஓடுகிற தண்ணியில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஜிம்மி இன்னும் சங்கிலியில்தான். மடுவத்துப் பாதைப் பக்கம் தகரம் அடித்திருக்கிறோம். போன கிழமை கோடு 2. கை முறிந்த பிள்ளையின் தாய் இன்னும் அந்த வழியாக வருவதில்லை, சுற்றித்தான் போகிறா. இந்த மாதக் கலண்டர் தாளைக் கிழித்து, வியாழக்கிழமை வைத்தியரிடம் கொண்டுபோகிறோம்.