மூன்றிலிருந்து ஐந்துக்கு

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் கோல சிலாங்கூரில்தான் உருவானது. தோட்டத்தின் பெயரோ தென்னமரம்!

செம்பனைத் தோட்டத்திலிருந்து அப்பா கொண்டுவரும் குலைக் கணக்குச் சீட்டை மனத்திலேயே கூட்டிவிடும் பொடியன்கள் இந்தப் பக்கம் உண்டு. வகுப்புப் பாடம் அப்படிப்பட்டவனுக்குப் பத்தே நிமிடம். மீதி நேரம் ஜன்னல்தான். கூடவே ‘வாலு’ என்ற பட்டமும்.

இத்தகைய பிள்ளைகளுக்காக 1996-இல் பி.டி.எஸ். என்ற தேர்வு வந்தது. தேறியவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவினார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது.

2009-இல் பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மீத்திறன் பிள்ளைகளை இணையத் தேர்வில் கண்டெடுத்து விடுமுறை முகாம் நடத்தத் தொடங்கியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. உங்கள் வீட்டில் அப்படியொரு வாலு இருந்தால், நாளைக்கே வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.