பிழை விட்டது யார்?



இலக்கிய உரைக்கு அழைத்தால் இவன் கணனியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கணனி நமக்கு எழுதுகின்ற சில வாசகங்களே இன்றைய என் விடயம். இயந்திரம் இடைநடுவில் நின்றுபோகும்போது திரையில் ஒன்றிரண்டு வரிகள் தோன்றுமல்லவா? அவற்றைப் பிழைச் செய்திகள் என்பார்கள். கையொப்பமில்லாத கடிதங்கள் என்று நான் சொல்லுவேன். எழுதியவர் எங்கோ ஒரு தேசத்தில், எத்தனையோ வருடங்களுக்கு முன்னர், அவசரத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். வாசிப்பவரோ வேலை கெட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கும்போது வாசிக்கிறார். வாசகனை இத்தகைய நிலையில் சந்திக்கும் எழுத்து வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நமக்கு இந்தச் சங்கதி அவ்வளவு புதியதுமல்ல. யாழ்ப்பாணத்தில் கூரைக்கு மேலே அன்ரனாவை உயர்த்திக் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற வாசகம் மனப்பாடம். வெள்ளிக்கிழமை இரவு பாட்டு நடந்துகொண்டிருக்கும், படம் அறுந்துபோகும், அந்த வாசகம் வந்து நிற்கும். எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருந்த பெடியன்கள், "வருந்தினது காணும், படத்தைப் போடுங்கோ" என்று சத்தமிடுவார்கள். ஆனாலும் அந்த வாசகத்தில் ஓர் ஆள் இருந்தார். வருந்துகிறோம் என்று சொல்ல ஒரு 'நாம்' இருந்தது.

கணனியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது தொண்ணூறுகளில், கொழும்பில் ஓர் அலுவலகத்தில். அதற்கு முன்னர் நான் தட்டச்சுப் பொறியோடு காலங்கழித்தவன். முதற் கிழமையே திரை எனக்கு ஒரு வாசகத்தைக் காட்டியது. விசைப்பலகை காணப்படவில்லை, தொடர்வதற்கு எஃப் ஒன்று என்ற விசையை அழுத்துக, என்பது அதன் பொருள். திறப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து திறப்பை எடுத்துக்கொள் என்பது போன்ற உபசாரம். பின்னர் விசாரித்தபோது விடயம் விளங்கியது. எந்தக் கோளாறு கண்டாலும் அந்த விசைக்காகக் காத்திருப்பது அதன் பொது வழக்கம். கோளாறு இன்னதென்று சொல்லும் முற்பாதி ஓரிடத்திலிருந்து வரும். 'தொடர்வதற்கு' என்ற பிற்பாதி எல்லாவற்றுக்கும் பொதுவானது. இரண்டையும் ஒட்டியவர் ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த நோய் நமது எழுத்தாளர் சிலருக்கும் உண்டு.

அக்காலத்துக் கணனிகளில் தட்டு போடாமல் தட்டைப் படிக்கச் சொன்னால் மூன்று வழிகளைத் தந்து கேட்கும்: கைவிடவா, மீண்டும் முயலவா, தோற்கவா? தோல்வியையும் ஒரு தெரிவாக நீட்டுவது பரீட்சை மண்டபத்தில்கூட இல்லாத பெருந்தன்மை.

1995 இல் வெளிவந்த விண்டோஸ் பதிப்பில் வேறொரு வாசகம் பிரசித்தம். இந்த நிரல் சட்டவிரோதமான செயலொன்றைப் புரிந்துள்ளது, ஆகையால் மூடப்படும் என்று அறிவிக்கும். 'சட்டவிரோதம்' என்ற சொல்லுக்கு அங்கே பொருள் மிகச் சாதாரணமானது. தனக்கு ஒதுக்காத நினைவகப் பகுதியில் அந்த நிரல் கைவைத்துவிட்டது. அல்லது கணனியின் மூளைக்குத் தெரியாத ஒரு கட்டளையை இட்டுவிட்டது. ஆனால் அதே சொல்லைத் தொண்ணூறுகளின் கொழும்பில் ஒரு தமிழன் வாசிப்பது வேறு. சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் நாளாந்த வாழ்வாக இருந்த காலம் அது. எங்கள் அலுவலகத்துக்கு வவுனியாவிலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞன் அந்த வாசகத்தைக் கண்டதும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுவிட்டான். "ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றான். நாங்கள் சிரித்தோம். அவனும் சிறிது நேரம் கழித்துச் சிரித்தான். நாங்கள் சிரித்திருக்கக்கூடாது என்று இப்போது படுகிறது.

வெளியே போனால் இதைவிடச் சுவையான கதைகள் உண்டு. 1984 இல் வந்த மக்கின்ரொஷ் கணனி, நிலைகுலைந்தால் திரி எரியும் குண்டொன்றின் படத்தைக் காட்டும். அதை வரைந்தவர் சூசன் கேர் என்ற அம்மையார். பாவனையாளர் எவரது கண்ணிலும் இது படப்போவதில்லை என்று சொல்லித்தான் அவரிடம் வரையக் கேட்டார்களாம். 1985 இல் வந்த அமிகா கணனியோ, சிவப்புப் பெட்டிக்குள் 'குருவின் தியானம்' என்று காட்டும். அதைச் செய்தவர்களிடம் ஏறி இருந்து விளையாடும் பலகையொன்று இருந்தது. நிரல் குழம்பும்போதெல்லாம் அதன் மேல் அசையாமல் அமர்ந்து மனதை ஆற்றிக்கொள்வார்களாம். அவர்களுடைய பகிடி உலகத்தார் திரைக்கு வந்துவிட்டது. நமது ஊரில் அதைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! செருப்பைக் கழற்றியிருப்பார்கள்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் 'ஈடி' என்றொரு பழைய எழுத்துத் தொகுப்பான் உண்டு. கென் தொம்சன் 1969 இல் எழுதியது. நீங்கள் என்ன பிழை விட்டாலும் அது ஒரு கேள்விக்குறியை மட்டும் போடும். அதைப் பற்றிய பகிடி ஒன்று நெடுங்காலமாக உலவுகிறது. தொம்சன் ஒரு கார் செய்தாராம்; அதில் வேகமானி இல்லை, எண்ணெய் மானி இல்லை; ஏதாவது கோளாறென்றால் ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும் ஒளிருமாம். அனுபவமுள்ள சாரதிக்கு விளங்கும் என்றாராம். நமது விமர்சகர் ஒருவரின் மதிப்புரைகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. பெயர் வேண்டாம்.

அதே யூனிக்ஸில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இருபத்தைந்தாம் இலக்கப் பிழை: 'தட்டச்சுப் பொறி அல்ல.' அக்காலத்தில் கணனியோடு உரையாடியது தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியின் மூலம். அத்தகைய கருவியிடம் மட்டும் கேட்கத்தக்க ஒன்றை வேறொன்றிடம் கேட்டுவிட்டால் இந்தப் பதில் வரும். பின்னாளில் மின்னஞ்சல் அனுப்பும் நிரலொன்றின் உள்ளே இந்த இருபத்தைந்தாம் இலக்கம் வேண்டாத இடத்தில் தலைகாட்டிற்று. கடிதம் போய்ச் சேராமல் திரும்பி வரும். காரணம் என்ற இடத்தில் 'தட்டச்சுப் பொறி அல்ல' என்று இருக்கும். முப்பது வருடம் தட்டச்சுச் செய்தவனுக்கு இது கிட்டத்தட்ட ஓர் அஞ்சலிக் குறிப்பு.

தேயிலை விளையும் நாட்டில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1998 ஏப்ரல் முதலாந் திகதி, முட்டாள்கள் தினத்தன்று, இணையத்தின் விதிகளை வெளியிடுவோர் கோப்பிப் பானைகளை இணையத்தின் வழியாக இயக்குவதற்கு ஒரு விதிநூல் வெளியிட்டனர். தேநீர்ப் பானையிடம் போய்க் கோப்பி போடச் சொன்னால் அது 418 என்ற இலக்கத்தோடு, நான் ஒரு தேநீர்ப் பானை என்று பதில் சொல்லவேண்டும் என்பது அதில் உள்ள விதி. 2017 இல் அந்த இலக்கத்தை நீக்கப் பார்த்தார்கள். உலகெங்குமிருந்து எதிர்ப்பு வந்து கைவிட்டார்கள். தன்னால் இயலாததைத் தன் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் பாத்திரம் அது. அரசியலில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை.

நமது பேச்சில் 'பிழை விட்டிட்டன்' என்போம். எழுத்துத் தமிழில் 'பிழை நேர்ந்துவிட்டது' என்போம். முதலாவதில் ஆள் உண்டு. இரண்டாவதில் பிழை தானாக வானத்திலிருந்து விழுகிறது. திணைக்களக் கடிதங்கள் எல்லாம் இரண்டாவது வகை. கணனிகள் தமிழ் பேசத் தொடங்கியபோது அவற்றுக்கு நாம் கற்றுக்கொடுத்ததும் இந்த இரண்டாவது வகைத் தமிழையே. எதிர்பாராத பிழை ஏற்பட்டுள்ளது என்று அது சொல்லும்போது, யார் எதிர்பார்க்கவில்லை, யாரால் ஏற்பட்டது என்று கேட்க இடமேயில்லை. 2024 ஜூலை 19 இல், பாதுகாப்பு மென்பொருளொன்றின் பழுதான புதுப்பிப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திரையில் ஒரு சோக முகம் இருந்தது. யாருடைய சோகம் என்று அதில் போட்டிருக்கவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகிற விடயம் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன், தெராக்-25 பற்றி வாசிக்கும் வரை. அது புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம். 1985 இற்கும் 1987 இற்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்களுக்கு அது அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். 1986 மார்ச்சில் ரெக்ஸாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். இயக்குநர் பெண் அனுபவசாலி. விரைவாகத் தட்டச்சுச் செய்பவர். 'ஈ' என்று அடிக்கவேண்டிய இடத்தில் 'எக்ஸ்' என்று அடித்துவிட்டார். உடனே கண்டுபிடித்து, மேலே போய்த் திருத்தி, கீழே வந்துவிட்டார். சில விநாடி வேலை. தட்டச்சு தெரிந்த எவரும் நாளுக்கு நூறு தடவை செய்வது. அந்த விரைவை இயந்திரத்தின் நிரல் எதிர்பார்த்திருக்கவில்லை. திரையில் திருத்தம் தெரிந்தது. உள்ளே முழுமையாகத் திருந்தவில்லை. சிகிச்சை தொடங்கியதும் 'கோளாறு 54' என்று ஒரு வாசகம் வந்தது.

ஐம்பத்துநான்கு என்றால் என்ன? இயக்குநர் கையேட்டில் அதற்கு விளக்கமில்லை. கொடுத்த அளவு மிகக் கூடியது, அல்லது மிகக் குறைந்தது என்பதே அதன் பொருள் என்று பின்னர்தான் தெரிந்தது. திரையோ அளவு குறைவு என்று காட்டியது. இப்படியான கோளாறுகள் தினமும் பல வரும், ஒன்றும் ஆகாது என்பது அவரது பழக்கம். தொடர்வதற்கு 'பி' என்ற விசை இருந்தது. அழுத்தினார். நோயாளிக்கு இரண்டாந் தடவையும் பாய்ந்தது. அவர் சில மாதங்களில் இறந்தார். அத்தகைய அதிக அளவு நிகழவே முடியாது என்று உற்பத்தியாளர் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவருக்கும் அது நேர்ந்தது. இரண்டே சொற்கள், அளவு மீறியது, என்று எழுதிவைக்க ஒருவருக்கு எத்தனை நிமிடம் பிடித்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

எந்தச் செய்தியும் வராத பிழைகளும் உண்டு. அப்படி ஒன்றை நேரிற் கண்டிருக்கிறேன்.

2000 ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த கிழமை. நான் அப்போது வெள்ளவத்தையில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் பின்னேரம் மடித்த கடதாசியொன்றோடு வந்தார். மகன் ரொறன்ரோவில். சந்தியிலிருந்த கொமினிகேசன் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். கடைப் பெடியன் அதை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். அது நடந்து மூன்று கிழமை.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முழுவதும் ஆங்கில எழுத்து; ஆனால் ஆங்கிலமில்லை. இடையிடையே அரைப்புள்ளிகள். கடையில் ஒருவருக்கும் விளங்கவில்லையாம். யாரோ ஒருவர் பிரெஞ்சு என்று சொல்லியிருக்கிறார்.

முதற் சொல்லைப் பார்த்தேன். எம், கே, ஓர் அரைப்புள்ளி, பிறகு கே, எச். என் விரல்கள்தான் முதலில் வாசித்தன. மேசையின் விளிம்பில் அவை தாமாக அசைந்தன. அந்தக் காலத்தில் ய, ள, ன, க என்று விரலுக்கு விரல் அடித்துப் பழகிய விசைப்பலகையில் 'எம்' இருக்கும் இடம் அகரத்துக்கு உரியது, 'கே' மகரத்துக்கு, அரைப்புள்ளி மேற்புள்ளிக்கு, 'எச்' அரவுக்கு.

அம்மா.

மகன் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தான். அது தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துச் சேமிக்கும். மறுமுனையில் அதே எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழுக்கென்று யுனிகோட்டில் 1991 இலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள்; நமது மேசைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. கடைக் கணனிக்குத் தான் பிழை விட்டது தெரியாது. அதனிடம் எழுத்துகள் வந்தன, காட்டியது, அச்சடித்தது. எச்சரிக்கையில்லை, குண்டுப் படமில்லை, ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

"மாமி, இது தமிழ்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தார். "நான் நினைச்சன், பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோச்சுது எண்டு" என்றார்.

போய்ப் பன்னிரண்டு வருடமாம். கலியாணமும் அங்கேயே. மூன்று கிழமையாக அந்தக் கடதாசியைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்திருக்கிறார்.

பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக வரிக்கு மேலே எழுதி வாசித்துக் காட்டினேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. பெரிய விசேடம் எதுவுமில்லை. பனி, வேலை, மூத்த பெண் பிள்ளைக்குப் பல்லு விழுந்தது. பொங்கலன்று கோல் எடுப்பதற்கு எந்த நம்பருக்கு எடுப்பது என்று கேட்டிருந்தான். பழைய நம்பர் வேலை செய்யவில்லையாம். அந்தப் பொங்கலும் போய்விட்டது.

மாமி கடதாசியை வாங்கி, "இதுதானோ 'அம்மா'?" என்று முதற் சொல்லில் விரல் வைத்துக் கேட்டார். ஓமென்றேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எண்ணத் தொடங்கினார். கொமினிகேசனுக்குப் போய் ஒரு கோல் எடுக்க வேணுமாம்.

மணி மூன்றரை. அங்கே இப்போது விடியப்புறம் நாலரை, நித்திரையாய் இருப்பார்கள் என்று சொன்னேன்.

"எழும்பட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.